முன்வாசலால் வந்த பசு

சிட்னியில் மாளிகையில் வாழ்ந்த முதல் தமிழர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், விடை என்னிடம் தயாராக இருக்கிறது: பங்களாத் துரை. அந்த மாளிகையில் அவருக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. கீழ்த்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் அதைக் கட்டிய கம்பளி வியாபாரி கல்லறையிலிருந்து எழுந்து வந்திருந்தால், துரையரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டிருப்பார்.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் பொறியியல் படிக்க வந்திருந்தேன். அன்றைய சிட்னித் தமிழர் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம்; ஏற்றினாலும் ஜன்னல் கரைக்குச் சண்டை வராது. கோயில் இல்லை, ஐயர் இல்லை, கறிவேப்பிலை இல்லை. இன்றைக்கு ஹோம்புஷில் ரெயிலால் இறங்கினால் தோசை மணக்கிறது. அன்றைக்கு மாட்டுச் சந்தை மணந்தது. காற்றுத் திசை மாறினால் இறைச்சிக் கூடமும் சேர்ந்து மணந்தது. அந்த மணத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தால் கிரேன்லி ஹவுஸ்.

முதல் நாள் அதைக் கண்டபோது விலாசம் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெரிய அத்திமரம் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு கோபுரம், இரும்பிலே பூ வேலை செய்த இரண்டு அடுக்கு விறாந்தை, நிறக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள். மாணவர்களுக்கு மலிவாக அறை கிடைக்கும் என்று சொல்லியனுப்பிய நண்பன் என்னைக் கேலி செய்துவிட்டான் என்று பல்லைக் கடித்தேன். வாசற்படிக்கு முன்னால், கறுத்தக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுச் சொந்தக்காரர் என்றெண்ணி, எனக்குத் தெரிந்த அத்தனை மரியாதையையும் ஆங்கிலத்தில் கொட்டினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாழ்ப்பாணமே?"

"ஓம்."

"பிறகென்னத்துக்கு இங்கிலீசு? பெட்டியைக் கீழை வையும். நிமிந்து பாரும். உதுதான் ஐசே மனர் ஹவுஸ்."

"அறை இருக்கெண்டு சொன்னவை..."

"அறை ஓடிப் போகாது. முதல் வீட்டைப் பாக்கவேணும். பாக்காமல் உள்ளுக்க போறது மரியாதையில்லை."

பார்த்தேன். கழுத்து நோகும் வரையில் பார்க்க வைத்தார். கோபுரத்தில் பட்ட மாலை வெயில் மெல்ல மெல்ல இறங்கி விறாந்தையின் இரும்புப் பூக்களுக்குள் புகுந்தது. வீடு முழுவதும் ஒரு கணம் பொன்னாக நின்றது. எனக்கு வாய் திறந்துவிட்டது. அந்த மனிதர்தான் துரையர்; என் வாயைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "இப்ப உள்ளுக்க வாரும்" என்று சொல்லிவிட்டு, முன்வாசலை விட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு, உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கதவால் என்னைக் கூட்டிப் போனார். முன்கதவு வாடகைக்காரருக்குத் திறப்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம்.

சட்டத்தைக் காத்தவர் மிஸ் எடித். எழுபது வயது, எலும்பும் எப்ரனுமாக ஒரு அம்மாள். சிறு பெண்ணாக அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். கம்பளி வியாபாரியின் குடும்பம் நொடித்துக் கலைந்து போனது. வீடு போர்க்காலத்தில் ஆஸ்பத்திரியாக இருந்தது, பிறகு பெண்கள் பள்ளிக்கூடமாக இருந்தது, கடைசியில் பலகை அடித்து அறை அறையாகத் தடுத்த வாடகை வீடாகியது. எல்லா மாற்றத்துக்கும் தப்பி எடித் மட்டும் அங்கேயே இருந்தார். தூரத்தில் இருந்த சொந்தக்காரருக்காக வீட்டைக் கவனித்துக்கொண்டார். முன்கதவின் பித்தளைக் குமிழை ஒவ்வொரு காலையும் துடைப்பார். பூட்டின் திறப்பு இடுப்பில் தொங்கும். கதவு மட்டும் திறக்காது.

அந்தக் காலத்தில் நடனம் ஆடிய மண்டபத்தைத் தடுத்துத்தான் எங்கள் அறைகளைச் செய்திருந்தார்கள். மேலே சுண்ணாம்பு வேலைப்பாட்டில் ஒரு தேவதை பறந்துகொண்டிருந்தாள். பலகை அடித்த தச்சனுக்கு அவளைப் பற்றிக் கவலையில்லை. எனக்குக் கிடைத்தது தலையும் ஒரு சிறகும். கால்கள் பலகைக்கு அப்பால், ஈப்போவிலிருந்து மருத்துவம் படிக்க வந்த ராஜுவின் கட்டிலுக்கு நேரே மேலே.

"ஒனக்கு மூஞ்சி, எனக்குக் காலா? வாடகை ஒண்ணுதானே லா!" என்று ராஜு பலகையில் தட்டிச் சண்டைக்கு வருவான்.

துரையருக்கு இந்தச் சண்டை பிடிக்காது. "மனர் ஹவுசிலை ஆக்கள் கூரைக்குச் சண்டை பிடிக்கிறேல்லை" என்பார்.

அவருக்கு வேலை, தேயிலை பொதி செய்கிற கம்பனி ஒன்றில் கணக்கு எழுதுவது. இலங்கையில் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். வேலையால் வந்ததும் எங்களைப் போலச் சாரத்துக்கு மாறமாட்டார். கழுத்துப் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, பருப்புக்கறி சமைக்கப் போவார்.

குசினிச் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் வரிசையாக மணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தந்த அறையின் பெயர் தங்க எழுத்தில். அந்தக் காலத்தில் எசமானி தன் அறையில் கயிற்றை இழுத்தால் இங்கே மணி ஆடும், வேலைக்காரி ஓடுவாள். துரையர் வரும் வரையில் அவை ஊமையாகக் கிடந்தன. அவர் தவண்டும் ஏறியும் சுவருக்குள் போன கம்பிகளைத் தேடிப் பிடித்து, எண்ணெய் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அறையிலிருந்து இழுத்தார். குசினியில் மணி அடித்தது. அடுப்பில் நின்ற மிஸ் எடித் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "வருகிறேன் அம்மா!" என்று இரண்டு எட்டு ஓடிப் போய்விட்டு நின்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு முடிந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். செத்துப் போன வீடு கண் விழித்தது போல இருந்தது.

ஆனால் துரையர் அந்த அற்புதத்தை என்னத்துக்குப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் தன் அறையில் போய் இருந்துகொள்வார். மணி ஒருதரம் அடித்தால், குசினியில் நிற்கிறவர் நெருப்பைக் குறைக்க வேண்டும். இரண்டுதரம் என்றால் கஞ்சி வடிக்க வேண்டும். மூன்றுதரம் என்றால் பருப்பைத் துழாவ வேண்டும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது மூன்று மணி கேட்டால் ராஜு புத்தகத்தை எறிந்துவிட்டு, "நான் டாக்டருக்குப் படிக்க வந்தேனா, பட்லருக்குப் படிக்க வந்தேனா?" என்று கத்துவான். கத்திக்கொண்டே போய்த் துழாவுவான். அந்த மணியோசைக்கு அப்படியொரு அதிகாரம் இருந்தது.

சாப்பிடும்போது பாடம் நடக்கும். மனர் என்பது முதலில் வீடேயில்லை என்பார் துரையர். அது ஒரு பிரபுவும், அவருடைய வயலும், வயலை உழுத சனமும், விளைச்சலில் பங்கு கொடுத்த கணக்கும் சேர்ந்தது. வழக்கு வந்தால் பிரபுவின் கூடத்திலேயே தீர்ப்பு. பிறகு காலம் மாறிப் பஞ்சாலைக்காரனும் கம்பளிக்காரனும் காசு சேர்த்தார்கள். காசு வந்தவனுக்குக் கோபுர ஆசை வந்தது. அந்த ஆசை கப்பல் ஏறி இங்கேயும் வந்து, ஆட்டு மயிர் விற்ற காசில் இந்தக் கிரேன்லி எழும்பியது.

"உந்த முன்வாசல்லை தூணோட ஒரு கூரை நிக்குதே, கண்டனீரே? வண்டியாலை இறங்கிறவை நனையாமல் நிக்கிறதுக்கு. எங்கட ஊரிலை அதுக்குப் பேர் என்ன?"

யோசித்தேன். "சங்கடப்படலையோ?"

"அதுதான் ஐசே! அங்கை வழிப்போக்கன் இருந்து இளைப்பாறுவான், தண்ணி குடிப்பான். இஞ்சை அழைப்புக் கார்ட் இல்லாதவன் கிட்டவும் வரேலாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த நாட்களில் டெலிவிஷனில் மாளிகைக் கதைகளுக்குக் குறைவில்லை. மேல் மாடியில் எசமானர் அழுவார்கள், கீழே வேலைக்காரர் அழுவார்கள். நடுவில் பட்லர் வெள்ளித் தட்டோடு நிற்பார். மிஸ் எடித்தின் அறையில் இருந்த பெட்டிக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கூடுவோம். எடித் பட்லரின் கையுறையில் குற்றம் பிடிப்பார். துரையர் எசமானரின் நடையில் குற்றம் பிடிப்பார். துப்பறியும் கதைகளும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த மாளிகை என்றாலும் நூலகத்தில் ஒரு பிணம் கிடந்தாக வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். கிரேன்லியின் பழைய நூலகத்தில் குடியிருந்த கிரேக்கக் கிழவர் இரண்டு நாள் இருமாமல் இருந்தால், துரையர் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார்.

ராஜு தன் பங்குக்குத் தமிழ்ப் படம் காட்டுவான். மாளிகையின் பெரிய படிக்கட்டு வளைந்து இறங்கும். அதன் நடுவில் ஒரு நிறக் கண்ணாடி ஜன்னல். அதில் கவசம் போட்ட ஒரு வீரன், அவன் தோளில் ஏனோ ஒரு கூக்கபராப் பறவை. குளித்துவிட்டுத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜு அந்தப் படியில் நின்று, பணக்கார அப்பாவின் குரலில், "அந்த ஏழைப் பயலை மறந்துடு!" என்று கர்ச்சிப்பான். நான் கீழே நின்று, "ஏழைக்கும் இதயம் இருக்கப்பா!" என்று விம்முவேன். துரையர் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் பூனைபோல் நழுவுவோம். அந்தப் படியில் அவர் ஏறுகிற விதம் வேறு. கைப்பிடியைத் தொடமாட்டார். ஜன்னலுக்கு நேரே வந்ததும் ஒரு கணம் நிற்பார். சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் அவருடைய நரைத்த தலையில் விழும். நாங்கள் கேலிக்காரர்கள்தான், ஆனால் அந்தக் கணத்தில் கேலி வராது.

அப்படியிருக்க, ஒருநாள் மிஸ் எடித் எங்களைக் குசினிக்குக் கூப்பிட்டுச் செய்தி சொன்னார். வீடு விற்றாகிவிட்டது. வாங்கியவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் எல்லோரும் வெளிக்கிட வேண்டும். ராஜுவும் நானும் மறுநாளே வேறு அறை தேடிப் பிடித்துவிட்டோம். துரையர் அசையவில்லை. அன்றைக்கு மணியும் அடிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கழுத்துப் பட்டி இல்லாமல் கட்டிலில் இருந்தார். அவரை அப்படி நான் கண்டதேயில்லை.

"என்ர மனிசி வாறா தம்பி" என்றார். வழக்கமான 'ஐசே' காணாமல் போயிருந்தது. "விசா வந்திட்டுது. மாதக் கடைசிச் சனிக்கிழமை பிளேன்."

"நல்லதுதானே. வேறை வீடு பாப்பம்."

"வேறை வீடு வேண்டாம். இந்த வீட்டு முன்வாசலாலை கூட்டிக்கொண்டு போறன் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா மலை உச்சியில் இருந்தது. இவர் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அங்கே போயிருக்கிறார். பின் விறாந்தையில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். உள்ளே போகச் சொல்லி ஒருநாளும் ஒருவரும் சொல்லவில்லை. மணம் முடித்த புதிதில் மனைவி கேட்டாவாம், "பங்களாவுக்க என்ன இருக்குது?" என்று. தெரியாது என்று சொல்ல வெட்கம். வாய்க்கு வந்ததைச் சொன்னார். பெரிய பியானோ, சுவரில் மான் தலை, வளைந்த படிக்கட்டு.

"அவ திரும்பத் திரும்பக் கேப்பா. நானும் திரும்பத் திரும்பச் சொன்னன். கதை வளந்து வளந்து, பங்களாவும் பெரிசாய்ப் போட்டுது. இந்த வீட்டுக்கு வந்தோண்ணை நினைச்சன், கடவுள் என்ர பொய்யைக் கட்டி வைச்சிருக்கிறார் எண்டு."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "தோட்டத்துச் சனம் உங்கட வீட்டுக்கு எந்த வாசலாலை வந்தவை?" என்று கேட்டேன்.

கட்டிலில் கிடந்த கழுத்துப் பட்டியை எடுத்து மடித்தார். "பின்னாலைதான்" என்றார். "ஓம் தம்பி. அதுவும் இருந்தது."

மறுநாள் கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டு மிஸ் எடித்திடம் போனார். இடிபடப் போகிற வீட்டின் கதவை ஒரேயொரு நாள் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார். எடித் பித்தளையைத் துடைத்தபடியே பதில் சொன்னார். "இந்த வீட்டு எசமானி, பெரியம்மா, சொல்லிவிட்டுப் போனது அப்படியேதான் இருக்கிறது. முன்கதவு விருந்தினருக்கு மட்டும். நீங்கள் வாடகைக்காரர். நான் வேலைக்காரி. நாமெல்லாம் பக்கவாசல்." பெரியம்மா மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம். ஆனால் துரையர் வாதாடவில்லை. ஒரு வீட்டின் ஒழுங்கை மதிக்கத் தெரிந்தவர்களுக்குள் அப்படித்தான் போலும்.

கதவு ஒரு பிரச்சினை என்றால், அடுத்ததை அவரே உண்டாக்கினார். கிரேன்லிக்குள் முறைப்படி ஒருவரும் குடிபூரவில்லையாம். மாடு போகாத புது வீட்டுக்குள் மனைவி காலெடுத்து வைக்கமாட்டாவாம். பசுவும் கன்றும் வேண்டும் என்றார்.

"மாடா? சிட்னில மாடா?" என்றான் ராஜு. "பாலை மட்டும் காய்ச்சிடலாமே துரை!"

"மனர் ஹவுசுக்குப் பால் காணாது ஐசே."

சனி, ஞாயிறு பார்க்காமல் கோட்டும் தொப்பியுமாக ஹோம்புஷ் மாட்டுச் சந்தைக்குப் போனார். துணைக்கு நான். சேற்றுக்குள் காலில் சப்பாத்து மினுங்க நின்று, ஒரு பசுவும் கன்றும் ஒரு காலைப் பொழுதுக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். சந்தை முழுவதும் அமைதியாகிவிட்டது. கெவின் என்ற ஒருவன், தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"இங்கே மாட்டை வாங்குவார்கள், விற்பார்கள், தின்பார்கள். வாடகைக்குக் கேட்டவனை இன்றைக்குத்தான் காண்கிறேன். என்னத்துக்கு?"

"வீட்டுக்குள்ளே முதலில் நடந்து போவதற்கு" என்றார் துரையர், வங்கி முகாமையாளரிடம் பேசுகிற கம்பீரத்தோடு.

கெவின் துரையரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய வீடு குவேக்கர்ஸ் ஹில் பக்கம். அப்போது அங்கே வீடுகளைவிட வேலிகள்தான் அதிகம். சந்தை மாடு கூட்டத்துக்குப் பழகாது, ஆனால் தன் வீட்டில் பால் கறக்கிற மேவிஸ் என்ற பசு சாது, புதுக் கன்றும் நிற்கிறது, தானே லொறியில் கொண்டு வருகிறேன் என்றான். "கூலி வேண்டாம். பார்க்க விட்டால் போதும்."

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று இருந்தபோது, வெள்ளிக்கிழமை பின்னேரம் இடி விழுந்தது. வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று தெருச் சனம் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. கட்டடத் தொழிலாளர் சங்கம் திங்கட்கிழமை கூடி, இந்த வீட்டில் கை வைப்பதில்லை என்று தடை போடப் போகிறது என்ற கதையும் அடிபட்டது. அதற்குமுன் வேலையை முடித்துவிட, வாங்கியவர் சனிக்கிழமை காலையே ஆள் அனுப்புகிறாராம்.

துரையர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் விடிய எயார்போட்டுக்குப் போறன். நீங்கள் நிறைகுடத்தை வையுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நானும் ராஜுவும் முன்வாசற்படியில் வேட்டியோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். நிறைகுடம், குத்துவிளக்கு, ஒரு ஸ்ரவ் அடுப்பு, அதன்மேல் பால் பானை. பால் கிழக்கே பொங்க வேண்டும் என்றேன். இந்த நாட்டில் சூரியனே வடக்குப் பக்கமாகச் சுற்றுகிறதே, அது செல்லுமா என்று ராஜு சந்தேகம் கிளப்பினான். அதைத் தீர்க்குமுன் தெருப் படலையில் மூன்று வண்டிகள் ஒரேயடியாக வந்து நின்றன. முதலாவது, புல்டோசரை ஏற்றிய லொறி. இரண்டாவது, கெவினின் லொறி. மூன்றாவது, டாக்ஸி.

உடைக்க வந்தவர்கள் இரும்பு அலவாங்குகளோடு இறங்கினார்கள். மேவிஸும் கன்றும் இறங்கின. டாக்ஸியிலிருந்து துரையரின் மனைவி இறங்கினா. பச்சைக் காஞ்சிபுரம், அதற்குமேல் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை, நெற்றியில் பெரிய பொட்டு. அவ ஒருவரையும் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தா. கோபுரத்தைப் பார்த்தா. என்னை முதல் நாள் நிற்க வைத்தது போல அவவை ஒருவரும் நிற்க வைக்கவில்லை; தானாகவே நின்றா.

பித்தளை துடைக்கிற துணியோடு மிஸ் எடித் பக்கத்தால் வந்தார். அவவைக் கண்டார். "இந்த அம்மா வாடகைக்காரரா, விருந்தினரா?" என்று துரையரைக் கேட்டார்.

நான்தான் சொன்னேன்: "இவர் இங்கே ஒரு சதமும் வாடகை கட்டவில்லை. விருந்தினர்."

எடித் எப்ரனை நேராக்கிக்கொண்டு படியேறி, இடுப்புத் திறப்பைக் கழற்றினார். கதவு முதலில் முனகியது. ராஜுவும் கெவினும் தோள் கொடுத்தார்கள். கிரேன்லியின் முன்வாசல் திறந்தது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமான தரை, வளைந்த படி, கண்ணாடி வீரன், அவன் காலடியில் காலை வெயிலின் அத்தனை நிறமும். நாங்கள் தினமும் நடந்த கூடந்தான். வெளியிலிருந்து பார்க்கையில் அது வேறு வீடாக இருந்தது.

மேவிஸ் ஒருதரம் அந்தக் கூடத்தைப் பார்த்தாள். பிறகு பிறந்ததிலிருந்து பழகியவள் போலக் கன்றோடு படியேறி உள்ளே போனாள். தரைக்கல் ஒன்று குளம்பின் கீழ் சடக்கென்று கீறல் விட்டது. நடுக்கூடத்தில் நின்று, வாலைத் தூக்கிச் சாணமும் போட்டாள். கெவின் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அதற்குள் வந்திறங்கிய அம்மா கை கூப்பிவிட்டா. "நல்ல சகுனம்" என்று சொல்லி வலது காலை எடுத்து உள்ளே வைத்தா.

மிஸ் எடித் வாசலில் விறைப்பாக நின்று, அரை நூற்றாண்டாகத் தொண்டைக்குள் வைத்திருந்த குரலில் அறிவித்தார்: "மிஸஸ் பரமேஸ்வரி!" டாக்ஸிக்குள் இருந்த பெட்டியின் ஒட்டுத்தாளில் அந்தப் பெயரை வாசித்திருக்கிறார்.

உடைக்கிற கோஷ்டியின் ஓவசியர், பெரிய மீசைக்காரன், இதெல்லாம் என்னவென்று கேட்க வாசற்படிக்கு வந்தான். அம்மா அவனுடைய சேற்றுச் சப்பாத்தைப் பார்த்தா. "தம்பி, உதைக் கழட்டிப்போட்டு வாரும்" என்றா, சுத்தத் தமிழில். அவனுக்கு விளங்கிவிட்டது. குந்தியிருந்து கழற்றினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வாசற்படி நிறைய, உடைக்க வந்தவர்களின் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. அலவாங்குகள் தூணில் சாய்ந்து நின்றன. காலுறையோடு நின்ற அத்தனை பேரும் தலையை அண்ணாந்து வீட்டைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் துரையரைக் காணவில்லை என்று கண்டேன். எட்டிப் பார்த்தேன். இரண்டு கையிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பக்கவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. கால் தன்பாட்டில் போனது.

"இஞ்சாருங்கோ!" கூடத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "எங்கை போறியள்? இஞ்சாலை வாங்கோ."

"நான் வாடகைக்காரன். எனக்கு அந்தப் பக்கம்..." என்று இழுத்தார்.

அவ என்னிடம் திரும்பினா. "தம்பி, அந்த வெள்ளைக்கார அக்காவுக்குச் சொல்லு. உவரை நான் கூப்பிட்டனான் எண்டு."

சொன்னேன். எடித் வழிவிட்டு நின்றார். துரையர் பெட்டிகளை வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு படியேறினார். வாசலுக்குள் கால் வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "பியானோ இல்லை பரமேசு" என்றார். "மான் தலையும் இல்லை."

"எனக்குத் தெரியும்" என்றா அவ. "மான் தலை ஒருநாள் வலப்பக்கம் எண்டுவியள், ஒருநாள் இடப்பக்கம் எண்டுவியள். உள்ளுக்க போகாத ஆள் எண்டு கலியாணம் முடிச்ச வருஷமே எனக்கு விளங்கிப் போச்சு."

"பிறகேன் திரும்பத் திரும்பக் கேட்டனீர்?"

"சொல்லேக்கை உங்கட முகம் நல்லாயிருக்கும்."

துரையர் வாசல் பக்கம் திரும்பினார். வாசலுக்கு வெளியே மிஸ் எடித் தனியாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரையர் தொப்பியை எடுத்து, நாங்கள் டெலிவிஷனில் கண்ட எந்தப் பிரபுவுக்கும் வராத ஒரு வணக்கத்தோடு கையை நீட்டினார். அந்த அம்மாள் கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டேயிருந்தார். பிறகு உள்ளே வந்தார்.

பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா பாலில் அரிசி போட்டுப் புக்கை செய்து, கைநிறைய முந்திரிகை வத்தல் போட்டு, எல்லோருக்கும் கொடுத்தா. ஓவசியர் பெரிய படிக்கட்டில் குந்தியிருந்து இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டான். கோப்பையை வழித்துவிட்டு, தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னான்: "காலைச் சாப்பாடு சாப்பிட்ட வீட்டை அதே காலையில் உடைக்க என்னால் ஏலாது. கிளம்புங்கள்."

திங்கட்கிழமை சங்கம் தடை போட்டது. வீடு தப்பியது. தெருச் சனத்தின் கையெழுத்தால் தப்பியது என்றார்கள், சங்கத்தின் துணிச்சலால் தப்பியது என்றார்கள். இரண்டும் உண்மைதான். துரையர் மட்டும் சாகும்வரை மேவிஸால் தப்பியது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். துரை என்று நாங்கள் அவரைக் கூப்பிடத் தொடங்கியது பகிடிக்குத்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வாயில் பகிடியாக வரவில்லை.

போன மாதம் கிரேன்லிக்குப் போயிருந்தேன். இப்போது பார்வையாளருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பலகைகளை எடுத்துவிட்டதால் தேவதை முழுதாகப் பறக்கிறாள். தலைக்கும் காலுக்கும் இத்தனை பொருத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. வழிகாட்டிய பிள்ளை கம்பளி வியாபாரியைப் பற்றியும் ஆஸ்பத்திரியைப் பற்றியும் அழகாகச் சொன்னாள். முன்கூடத்தில் கீறல் விழுந்த தரைக்கல்லைக் காட்டி, போர்க்காலத்தில் காயம்பட்டவர்களின் கட்டில் விழுந்து உடைந்தது என்றாள். நான் சரித்திரத்தைத் திருத்தவில்லை. குனிந்து அந்தக் கீறலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

முன்வாசலால் வெளியே வந்து சப்பாத்தைப் போட்டேன். திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன், கழுத்து நோகும் வரையில். என்னையறியாமல் வாய் சொன்னது:

"துரை, போயிட்டு வாறன்."